கோந்த்வாவின் பழுப்பு மாதங்கள்

புணே நகரின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிறது கோந்த்வா. கோந்த்வா குர்து, கோந்த்வா புத்ருக் என்று இரண்டு பழைய கிராமங்கள் சேர்ந்த பகுதி இது. 1997இல் இரண்டும் மாநகராட்சிக்குள் வந்தன. தெற்கே காத்ரஜ் மலையிலிருந்து சாஸ்வடுக்குப் போகும் போப்தேவ் கணவாய் வரை சஹ்யாத்ரியின் ஒரு கிளை கிழக்கே இறங்கிச் செல்கிறது. அதன் வடக்குச் சரிவும் அடிவாரமும்தான் கோந்த்வாவின் நிலம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய கரும்பாறை அடியில். அதன் மேல் முரம்பு மண், சில இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குக்கூட இல்லை. ஊரின் பெரிய நாற்சந்திகளில் ஒன்றுக்குக் கடி மெஷின் சௌக் என்று பெயர். மராட்டியில் கடி என்றால் ஜல்லி. குன்றுகளைப் பெயர்த்து ஜல்லி உடைத்த இயந்திரங்கள் அங்கே ஓடின. நகரத்தின் அடுக்கு மாடிகளுக்குள் கோந்த்வாவின் குன்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிப் போயிருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

மிச்சமிருக்கும் பசுமையைப் புரிந்துகொள்ள மழையிலிருந்து தொடங்க வேண்டும். மேற்கே 65 கிலோமீட்டர் தொலைவில் மலை முகட்டில் இருக்கும் லோனாவ்ளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மேகங்கள் மலையைத் தாண்டும்போதே கனம் இழந்துவிடுகின்றன. புணேக்குக் கிடைப்பது சுமார் 720 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஜூன் தொடங்கி நான்கு மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். மீதி எட்டு மாதம் ஏறத்தாழ வறட்சி. இந்தக் கணக்குக்கு ஏற்ற தாவரங்களே இந்தச் சரிவுகளில் வேரூன்றின: இலையுதிர்க்கும் மரங்கள், முட்புதர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புல். கோந்த்வாவின் குன்றுகள் ஆண்டில் நான்கைந்து மாதம் பச்சையாகவும் மற்ற மாதங்களில் பழுப்பாகவும் இருப்பது அவற்றின் இயல்பு. பூங்காவை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பழுப்பு ஒரு குறையாகத் தெரிகிறது. இந்த நிலத்துக்கு நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவை அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவைதான்.

பருவக்காற்று புணேயை எட்டுவது வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில். அதற்குச் சற்று முன்பாக ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் சுடலைக்குயிலின் குரல் முட்புதர்களுக்குள் கேட்கத் தொடங்கும். இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், பத்து நாளில் சரிவு முழுவதும் பச்சையாகிவிடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் புல்லுக்கிடையே நிலத்து ஆர்க்கிட்டுகள் வெள்ளையாகப் பூக்கும். வேலியோரப் புதர்களில் செங்காந்தள் பற்றி ஏறும். தமிழ்நாட்டின் மாநிலப் பூவை ஒரு மராட்டியக் குன்றின் மேல் தீச்சுடர்போல் காண்பது தமிழருக்குத் தனி மகிழ்ச்சி. மழைக்காலம்தான் நகரவாசிகள் குன்றுகளை நினைக்கும் காலமும். ஞாயிறு காலைகளில் குடும்பங்கள் ஏறுகின்றன. தேநீர்க் கடைகளில் கூட்டம் கூடுகிறது. மரம் நடு விழாக்கள் நடக்கின்றன.

மரம் நடுவதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆட்காட்டி, வானம்பாடி, கௌதாரி போன்ற பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிலோ புல் அடியிலோ முட்டையிடுகின்றன. ஆட்காட்டியின் முட்டை சரளைக் கல்லிலிருந்து பிரித்தறிய முடியாத நிறம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதன் இனப்பெருக்கக் காலம். நடுவிழாவுக்காகக் குழி தோண்டும் மே, ஜூன் மாதங்கள் அதற்குள்தான் வருகின்றன. நூறு பேர் ஒரே காலையில் திறந்த சரிவில் இறங்கி மண்வெட்டி பிடித்தால் எத்தனை கூடுகள் நசுங்கின என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். குழி தோண்டும் முன் அந்தச் சரிவைக் காலையில் ஒருமுறை நின்று பார்ப்பது, பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் அந்த இடத்தை விட்டுவிடுவது: இவ்வளவு செய்தாலே பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

எந்த மரத்தை நடுவது என்பதும் இதே அளவு முக்கியம். புணேயின் குன்றுகளில் பல பத்தாண்டுகளாக மிகுதியாக நடப்பட்டது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கிளைரிசிடியா. தமிழ்நாட்டு உழவர்கள் பசுந்தழை உரத்துக்காக வரப்பில் வளர்க்கும் அதே மரம். கொம்பை ஒடித்து ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும், ஆடுமாடு அதிகம் கடிக்காது, வெட்டவெட்டத் தழைக்கும். குன்றைச் சீக்கிரம் பச்சையாக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இதைவிட வசதியான மரம் கிடைக்காது. பிப்ரவரியில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போது அழகாகவும் இருக்கும். ஆனால் அது அடர்ந்த இடத்தில் புல் நலிகிறது. புல்லை நம்பிய பூச்சிகளும் பறவைகளும் விலகுகின்றன. வெள்வேல், கருங்காலி, ஆத்தி, புரசு போன்ற ஊர் மரங்கள் மெதுவாகத்தான் வளரும். முரம்பு மண்ணில் அவை ஆளுயரம் எட்டவே சில ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் நடுவிழாவின் நிழற்படம் மட்டும் மிஞ்சுகிறது.

மழைக்காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. குன்றின் புல்லும் மண்ணும் மழையை உறிஞ்சிப் பாறைப் பிளவுகளுக்குள் மெல்ல இறக்குகின்றன. சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, மேலே தளம் போட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் ஒரே மூச்சில் கீழே பாய்கிறது. 2019 ஜூன் 29 அதிகாலை, கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் கனமழையில் சரிந்தது. பக்கத்தில் புதுக் கட்டடத்துக்காக நிலம் தோண்டப்பட்டிருந்தது. சுவரடியில் தகரக் கொட்டகைகளில் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளுமாக 15 பேர் இறந்துபோனார்கள். பிழைப்புக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு, காத்ரஜ் பக்கமிருந்து இறங்கும் ஆம்பில் ஓடை பெருக்கெடுத்துத் தெற்குப் புணேயின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஓடையை மறித்து 18ஆம் நூற்றாண்டில் காத்ரஜ் ஏரியைக் கட்டி, நிலத்தடிக் கால்வாய் வழியே நகருக்குக் குடிநீர் கொண்டுபோனார்கள் பேஷ்வாக்கள். மலையும் ஓடையும் நகரமும் ஒரே அமைப்பு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பசுமை நிலத்தைக் காப்பது என்பதை உலாவவும் இளைப்பாறவும் இடம் தேடும் விஷயமாக மட்டும் பேசுவோர் இந்த இரண்டு இரவுகளையும் மறந்துவிடக் கூடாது.

செப்டம்பரில் புல் இடுப்பளவு வளர்ந்து கதிர்விடும். தூக்கணாங்குருவிகள் அந்தப் புல்லைக் கிழித்தே கூடு முடைந்திருக்கும். மழை ஓய்ந்ததும் அக்டோபர் வெயில் சுள்ளென்று இறங்கும். பதினைந்து நாளில் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் பொன்னிறமாகும். தசரா இந்தச் சமயத்தில் வருகிறது. சோழர்கள் சூடிய பூவுக்குரிய ஆத்தி மரத்தை மராட்டியர் ஆப்டா என்கிறார்கள். அதன் இரட்டைப் பிளவு இலையைத் தசராவன்று பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பது வழக்கம். அழகான வழக்கம்தான். ஆனால் நகரம் பெருத்த பிறகு இலைகள் கிளைகிளையாக வெட்டப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. ஜூனில் வரும் வட பூர்ணிமாவுக்கு ஆலங்கிளை வெட்டி விற்பதும் இப்படியே. மரத்தடிக்குப் போய் நூல் சுற்றி வணங்க வேண்டிய விழா, கிளையை வீட்டுக்கு எடுத்து வரும் விழாவாகிவிட்டது. வீட்டுக்கு ஓர் இலை போதும் என்று முடிவெடுத்தால் விழாவும் நிலைக்கும், மரமும் நிலைக்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குன்றில் நடப்பதற்கு மிக நல்ல காலம். காலையில் குளிர் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும். வடக்கிலிருந்து வாலாட்டிகள் வந்து சேரும். மின்கம்பிகளில் பனங்காடை உட்காரும். புல்வெளிக்குள் நடந்து திரும்பினால் ஊசிப்புல்லின் விதைகள் காலாடையில் குத்திக்கொண்டு வரும். இந்த விதை ஒரு வியப்பு. அதன் நீண்ட வால் காய்ந்திருக்கும்போது முறுக்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் முறுக்கவிழும். இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறிமாறிப் பட, அந்த முறுக்கலிலேயே விதை தன் கூர்முனையைத் தரைக்குள் துளைத்துப் புதைந்துகொள்கிறது. உழவில்லாமல், தண்ணீர் ஊற்றாமல் கோடிக்கணக்கான விதைகள் தாமாகவே நட்டுக்கொள்ளும் காலம் இது. செத்துப்போனதாகத் தோன்றும் புல்வெளி உண்மையில் அடுத்த ஜூனுக்கான வேலையைப் பனிக்காலத்திலேயே முடித்துவிடுகிறது.

பிப்ரவரி இறுதியில் புரசு பூக்கிறது. தமிழகத்தில் சமித்துக்கும் வேள்விக்கும் பயன்படும் அதே புரசுதான். ஓர் இலைகூட இல்லாத முறுக்கேறிய கிளைகளில் செம்மஞ்சள் பூ நிறைந்து நிற்க, தேன்சிட்டுகளும் கொண்டைக்குருவிகளும் பனிக்கால விருந்தாளிகளான சோளக்குருவிக் கூட்டங்களும் மொய்க்கும். முன்பெல்லாம் ஹோலிக்கு இந்தப் பூவை ஊறவைத்துத்தான் சாயம் எடுத்தார்கள். முள்முருங்கையும் இலவும் ஏறக்குறைய இதே சமயம் சிவக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நகரத்துச் சாலைகளில் சரக்கொன்றையும் மயில்கொன்றையும் பூமருதும் முறை மாற்றிப் பூக்கின்றன. மகாராஷ்டிரத்தின் மாநிலப் பூ பூமருது. மராட்டியில் தாமண்.

இந்தக் கோடைதான் ஆபத்தான காலமும். காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். தீயிட்டால் அடுத்த ஆண்டு புல் செழிக்கும் என்று நம்பி வைப்பவர்கள் உண்டு. குப்பையை எரிக்கப்போய்ப் பரவுவதும் உண்டு. ஜூலையில் நட்ட கன்று, முட்டை, பல்லி, நத்தை எல்லாம் ஒரே பிற்பகலில் கருகிப்போகும். இந்தத் தீ தானாகப் பற்றுவது மிக அரிது. மனிதக் கையால் வருவது. எனவே மனிதர்களால் தடுக்கவும் முடியும். டிசம்பர், ஜனவரியிலேயே பாதையோரங்களிலும் குடியிருப்பு எல்லையிலும் புல்லை அறுத்து அகலமான வெற்றுக் கீற்றுகளை உண்டாக்கிவிட வேண்டும். மராட்டியில் இதை ஜாள்ரேஷா என்கிறார்கள். அறுத்த புல் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீவனம். கட்டட இடிபாடுகளை லாரியில் கொண்டுவந்து இரவோடு இரவாகக் கொட்டுவதும் இந்த மாதங்களில்தான் அதிகம். நிலம் காலியாகத் தெரிவதால் கொட்டுபவருக்கு உறுத்துவதில்லை, பார்ப்பவரும் கேட்பதில்லை.

காலி நிலம் என்ற இந்த எண்ணம் கோந்த்வாவோடு நிற்பதில்லை. எம்.டி. மதுசூதன், அபி தமீம் வனக் என்ற இரு சூழலியலாளர்கள் இந்தியாவின் வறள்மண்டலப் புல்வெளிகளையும் முட்புதர் நிலங்களையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடமாக்கி 2022இல் வெளியிட்டார்கள். நாட்டின் பரப்பில் சுமார் 10 சதவீதம் இத்தகைய நிலம். அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 70 சதவீதம், அரசின் தரிசு நில வரைபடங்களில் பயனற்ற நிலமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஓநாயும் வெளிமானும் வாழும் நிலம், மேய்ச்சல்காரர்களின் நிலம், ஏட்டில் பயனற்றது. சென்னைக்குத் தெற்கே நன்மங்கலம் காப்புக்காடும் இத்தகைய முட்காடுதான். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும் இடம்.

கைவிடப்பட்ட நிலத்தை மீட்க முடியும் என்பதற்குக் கோந்த்வாவின் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தின் பெயரால் என்.ஐ.பி.எம். என்று வழங்கும் வட்டாரத்தை ஒட்டி, முகம்மத்வாடிப் பக்கம் வனத்துறைக்குச் சொந்தமான நிலம் குப்பையும் இடிபாடுகளுமாகக் கிடந்தது. சுற்றியுள்ள குடியிருப்புவாசிகள் வனத்துறையோடு சேர்ந்து அதைத் துப்புரவு செய்து, வேலி இட்டு, மரம் வளர்த்து ஆனந்தவனம் என்று பெயரிட்டார்கள். வரோராவில் பாபா ஆம்தே நிறுவிய புகழ்பெற்ற ஆனந்தவனம் வேறு, இது வேறு. புணேயின் மேற்கே வார்ஜேயில் 16.8 எக்டேர் மொட்டைக் குன்று 2015 தொடங்கி இதேபோல் மீட்கப்பட்டது. 2020 ஜூன் 5 அன்று நாடு முழுவதும் 200 நகர் வனங்கள் அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தபோது வார்ஜேயைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது. இந்த இடங்களில் உழைத்தவர்கள் நடுவதோடு நின்றுவிடவில்லை. சரிவுக்குக் குறுக்கே நீள்குழி வெட்டி மழையை நிறுத்துவதும், கன்றுக்கு இரண்டு மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றுவதும்தான் கன்றைக் காப்பாற்றும் வேலை. ஜூலையில் ஆள் கிடைப்பது எளிது. ஏப்ரலில் குடம் சுமப்பவரே மரத்தை வளர்க்கிறார்.

இவ்வளவு செய்தாலும் நிலம் யாருடையது என்ற கேள்வி தீராமல் எதுவும் நிலைக்காது. 1997இல் இணைந்த கிராமங்களில் கடைசியாக மாநகராட்சிக்குள் நிலைத்தவை 23. அவற்றின் குன்றுகளில் 978 எக்டேரைப் பல்லுயிர்ப் பூங்கா என்று ஒதுக்கும் திட்டம் பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2015இல்தான் மாநில அரசின் ஒப்புதல் பெற்றது. குன்று நிலத்தில் கணிசமான பகுதி தனியார் பட்டா. அவர்களுக்கு இழப்பீடாக 8 சதவீதக் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றித் தருவதாக அரசு சொன்னது. அது போதாது என்கிறார்கள் உடைமையாளர்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நகரம் முழுவதற்கும் மூச்சும் தண்ணீரும் தரும் நிலத்தின் விலையைச் சில குடும்பங்கள் மட்டும் சுமக்க முடியாது. நகரம் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் சரிவில் புதிதாகக் கட்டடங்கள் முளைக்கின்றன.

அரசு நிலத்தின் கதை வேறு. கோந்த்வா புத்ருக்கில் 1879இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட ஒரு துண்டு நிலம் இருந்தது. 1934இல் அதில் சிறு பகுதி விடுவிக்கப்பட்ட பின் மீந்தது 29 ஏக்கர் 15 குண்டா, அதாவது 11.89 எக்டேர். அரசிதழில் காடாக இருந்த இந்த நிலம் வருவாய்த் துறையின் கையிலேயே தங்கியிருந்தது. 1998இல் மாநில அரசு அதை விவசாயத்துக்கென்று தனியாருக்கு ஒதுக்கியது. அடுத்து, அதை ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கு விற்க அனுமதி கிடைத்தது. 2007இல் கட்டடத் திட்டத்துக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஒப்புதலும் வந்தது. நாகரிக் சேத்னா மஞ்ச் என்ற புணே குடிமக்கள் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மே 15 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு ஒதுக்கீட்டையும் ஒப்புதலையும் ரத்து செய்தது. நிலத்தை மூன்று மாதத்துக்குள் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. அரசியல்வாதி, அதிகாரி, கட்டட முதலாளி கூட்டு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைத் தகுந்த எடுத்துக்காட்டாகவே தீர்ப்பு கண்டது.

இந்தத் தீர்ப்பு வந்த வழக்கின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிக்கப்படுவதைப் பொறுக்காத டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12 அன்று அதில் பிறந்த ஆணை, நிலத்தின் உடைமை யாரிடம் இருந்தாலும் காடு என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்று வகுத்தது. வழக்கு முடியாமல் தொடர, நாடெங்கிலுமிருந்து காடு பற்றிய முறையீடுகள் அதற்குள் வந்து சேர்ந்தன. திருமுல்பாடு 2016இல் காலமானார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, கூடலூரின் காடுகளுக்காகத் திறந்த கதவு வழியே கோந்த்வாவின் 29 ஏக்கர் திரும்பி வந்திருக்கிறது.

அதே தீர்ப்பு கோந்த்வாவைத் தாண்டியும் ஓர் ஆணை இட்டது. காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு இன்னும் வருவாய்த் துறையிடம் இருக்கும் நிலம் எங்காவது தனியாருக்குக் காடு அல்லாத பயனுக்குப் போயிருக்கிறதா என்று எல்லா மாநிலங்களும் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து ஆராய வேண்டும். போயிருந்தால் மீட்க வேண்டும். மீட்பது பொதுநலனுக்கு ஒவ்வாத இடங்களில் நிலத்தின் விலையை வாங்கிக் காடு வளர்ப்புக்குச் செலவிட வேண்டும். ஓராண்டுக்குள் இந்த வேலை முடிய வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டின் பழைய காப்புக்காடுகள் பல 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டவை. அவற்றின் அரசிதழ் அறிவிப்பில் ஊர்ப் பெயரும் எல்லையும் பரப்பும் இருக்கும். ஊர்க் குன்றின் மேல் அக்கறை உள்ளவர்கள் மாவட்ட வன அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதே நிலத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் அடங்கலில் தரிசு என்றோ புறம்போக்கு என்றோ எழுதியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் நகல்களை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் எழுதுங்கள்.